ஆஞ்சியோ நார்மல், பிறகு நெஞ்சு ஏன் இறுகுகிறது?

வாசகியின் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். நான் அயனாவரத்தில் இருக்கிறேன். வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. மாமியாருக்கு 88. இருவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதமாக நெஞ்சின் நடுவில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல ஓர் இறுக்கம். மாடி ஏறினால் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் திண்டிவனத்தில் இருக்கும் அண்ணனிடம் வீட்டுப் பங்கு விஷயமாகப் போனில் பேசிவிட்டு வைத்தால் தப்பாமல் வரும்; இருபது நிமிடம்கூட நீடிக்கும். இரண்டு முறை விடியற்காலை நாலு மணிக்கு வலி வந்து விழித்திருக்கிறேன்.

டிரெட்மில் டெஸ்டில் ஏதோ மாற்றம் இருக்கிறது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். "குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா, அடைப்பே இல்ல. வெறும் டென்ஷன், கொஞ்சம் வாயு" என்று அனுப்பிவிட்டார்கள். பிரஷர் 154/68. மேல் எண் வயசுக்குச் சரிதான், கீழ் எண் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். மூன்று மாத சர்க்கரை சராசரி 6.2. பெங்களூரில் இருக்கும் மகன், "ஒன்னுமில்லன்னு தெரிஞ்சுக்க இவ்ளோ செலவா" என்று சிரிக்கிறான். நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் என்று சொல்லி ஒரு பவுடரும் வாங்கி அனுப்பியிருக்கிறான். எனக்கு இருப்பது மனசு நோயா, இதய நோயா? டென்ஷனில் ரத்தக்குழாய் நிஜமாகவே சுருங்குமா? இல்லை, வயசானால் இப்படித்தானா?

பதில்:

அம்மா, இதய நோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தேவையான அத்தனையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நேரில் பார்க்காமல் இதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். உணவுக்குழாயும் இதே இடத்தில் வலிக்கும், விலா எலும்பும் வலிக்கும். ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்பதால் இதயம் சுத்தம், மீதியெல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டியது அவசரம். நீங்கள் நடிக்கவில்லை. மகனிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கக் கொடுங்கள்.

உங்களை அனுப்பிவைத்த டாக்டரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருபது வருடம் முன்பு நானும் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். உங்களைப் போன்ற ஒரு அம்மாதான். "ஒன்னுமில்லம்மா, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, மறுபேச்சு பேசாமல் எழுந்து போனார். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் துறைக்கே அடைப்பின் மேல் ஒரு மோகம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். அதன்பின் பலூன் வந்தது, ஸ்டென்ட் வந்தது. அடைப்பைக் கண்டுபிடி, திற அல்லது சுற்றிப் போ என்றே ஐம்பது வருடமாக யோசித்துப் பழகிவிட்டோம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய யோசனைதான். ஆனால் ரத்தக்குழாயை மெட்ரோ வாட்டர் பைப் போல நினைக்க வைத்துவிட்டது. பைப் தானாகச் சுருங்காது, விரியாது, கோபத்தில் பேசிய பேச்சு அதற்குக் கேட்காது. ரத்தக்குழாய் உயிருள்ள உறுப்பு.

ஆஞ்சியோவில் என்ன தெரியும் என்று பார்ப்போம். சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கும்போது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய குழாய்கள் தெளிவாகத் தெரியும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியவை கண்ணில் படாது. ஆனால் இதயத் தசைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு ரத்தம் விட வேண்டும் என்று தீர்மானிப்பதே அந்த மெல்லிய குழாய்கள்தான். மேலே டிரோன் விட்டுப் பார்த்தால் கொன்னூர் ஹை ரோடு காலியாக இருப்பது தெரியும். உள்ளே சந்தில் தண்ணி லாரி நுழைய முடிகிறதா என்று அந்தப் படத்தில் எப்படித் தெரியும்? இன்னொன்று, நீங்கள் படுத்திருந்த நேரத்தில் எடுத்த படம் அது. அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது எடுத்ததல்ல.

இதயத்துக்கு ஒரு விசித்திரமான நெருக்கடி உண்டு. உடம்பின் மற்ற பாகங்கள் சும்மா இருக்கும்போது ரத்தத்திலிருக்கும் ஆக்சிஜனில் சராசரியாகக் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கூடுதல் வேலை வந்தால் மிச்சத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். இதயத் தசையோ ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. கையிருப்பு இல்லாத குடும்பம் மாதிரி. வேலை கூடினால் அதற்கு ஒரே வழி, வரும் ரத்தத்தின் அளவைக் கூட்டுவதுதான். நல்ல இதயத்தில் அது நாலைந்து மடங்கு வரை கூடும். கூட வேண்டுமென்றால் அந்த மெல்லிய குழாய்கள் விரிய வேண்டும். அவை விரியாவிட்டால் பெரிய குழாயில் ஓர் அடைப்பும் இல்லாமலேயே தசை பட்டினி கிடக்கும். டிரெட்மில்லில் தெரிந்த அந்த "ஏதோ மாற்றம்" இதுவாக இருக்க வாய்ப்பு உண்டு. அது பொய்யான அலாரம் என்று ஆஞ்சியோவைப் பார்த்த கையோடு தள்ளிவிடுவது வழக்கம். சில சமயம் அலாரம் உண்மையாகத்தான் அடித்திருக்கும்.

சரி, விரியச் சொல்வது யார்? ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒற்றை வரிசைச் செல்களால் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்போம், இங்கே உள்படலம் என்றே வைத்துக்கொள்ளலாம். ரொம்ப நாளாக அதைச் சுவருக்கு அடித்த வர்ணம் போலத்தான் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் மகாதமனியை (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) துண்டுகளாக்கி வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டால் சில துண்டுகள் விரிந்தன, சில சுருங்கின. ஒரே முயல், ஒரே மருந்து. ஏன் இந்தக் குழப்பம்? துண்டை வெட்டித் தயார் செய்யும்போது உள்பக்கம் உரசித் தேய்ந்துபோனவை சுருங்கின. உள்படலம் கெடாதவை விரிந்தன. 1980-ல் வெளிவந்த அந்தக் கட்டுரை எங்கள் துறையைப் புரட்டிப் போட்டது. விரியச் சொல்லும் கட்டளை அந்தப் படலத்திலிருந்துதான் வருகிறது. கட்டளையைத் தூக்கிப் போவது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. 1998-ல் ஃபர்ச்காட் உட்பட மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான் தருகிறது. ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்து பணம் சேர்த்தது நைட்ரோகிளிசரினை வைத்து. கடைசிக் காலத்தில் இதய வலிக்கு அதையே மருந்தாகச் சாப்பிடச் சொன்னார்களாம், அவரே கடிதத்தில் எழுதி வேடிக்கைப்பட்டிருக்கிறார்.) உங்களை வாயு என்று சொல்லி அனுப்பினார்களே, ஒரு வகையில் வாயுப் பிரச்சினைதான். ஆனால் அது வயிற்று வாயு இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டென்ஷனில் ரத்தக்குழாய் சுருங்குமா? சுருங்கும். கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1991-ல் பாஸ்டனில் ஆஞ்சியோ மேஜையில் படுத்திருந்தவர்களிடம் மனக்கணக்குப் போடச் சொல்லி, வேகமாக, வேகமாக என்று அவசரப்படுத்தினார்கள். உட்புறம் வழுவழுப்பாக இருந்த குழாய்கள் சுருங்கவில்லை. சில நன்றாகவே விரிந்தன. கொழுப்புப் படிந்து கரடுமுரடாக இருந்த இடங்கள் சுருங்கின. அதே மூளை, அதே கணக்கு, அதே பதற்றம். குழாயின் உள்படலம் நன்றாக இருந்ததா, கெட்டிருந்ததா என்பதில்தான் வித்தியாசம். டென்ஷனில் சுரக்கும் நார்அட்ரினலின் குழாயின் தசையைப் பிடித்து இறுக்கும். கூடவே உள்படலத்தைத் தட்டி நைட்ரிக் ஆக்சைடையும் விடச் சொல்லும். இறுக்கலும் தளர்த்தலும் சேர்ந்தே வருவதால் ஆரோக்கியமானவர் எவ்வளவு கோபப்பட்டாலும் குழாய் சமாளித்துக்கொள்ளும். படலம் சோர்ந்துபோனால் தளர்த்தும் கை இல்லை, இறுக்கும் கை மட்டும்தான்.

இன்னொரு ஆய்வு, 2000-ல் வந்தது, எனக்கு அதைவிடக் கவலை தந்தது. நோய் எதுவும் இல்லாதவர்களை வெறும் மூன்று நிமிடம் நெருக்கடியில் பேச வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கை ரத்தக்குழாயின் விரியும் திறன் குறைந்தது. பழைய நிலைக்கு வர 4 மணி நேரம் வரை ஆனது. மூன்று நிமிடத்துக்கு 4 மணி நேரம்! காலையில் அண்ணன், பத்து மணிக்கு மாமியாரின் மருந்துத் தகராறு, மதியம் கணவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது வருகிற எரிச்சல்... ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்து விழுந்தால் அந்தப் படலத்துக்கு மூச்சு விட நேரம் எங்கே? இது ஆய்வு சொன்னதல்ல, அதைப் படித்துவிட்டு என் நோயாளிகளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

வயசு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் பிரஷர் எண் எனக்கு உறுத்துகிறது. 154/68. இரண்டுக்கும் நடுவே 86 இடைவெளி. கீழ் எண் நன்றாக இருக்கிறது என்று உங்களைத் தேற்றியிருக்கிறார்கள். எனக்குத் தேறவில்லை. இளம் வயதில் மகாதமனி ரப்பர் மாதிரி இருக்கும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது கொஞ்சம் உப்பி, ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதை மெல்ல முன்னே அனுப்பும். வயதாக ஆக ரப்பர் போன்ற இழைகள் அறுந்து, விறைப்பான நார் கூடிவிடுகிறது. உப்பாத குழாய்க்குள் தள்ளுவதால் மேல் எண் ஏறும். பிடித்து வைக்க முடியாததால் ஓய்வு நேரத்தில் அழுத்தம் சரிந்து கீழ் எண் இறங்கும். "வயசோடு நூறைக் கூட்டிக்கோ, அதுதான் மேல் பிரஷர்" என்ற பழைய கணக்கை இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அதை மறந்துவிடுங்கள். வீட்டில் அளந்து பார்த்தும் இதே எண்தான் என்றால் சிகிச்சை தேவை.

கீழ் எண் இறங்கினால் என்ன? இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பிவிட்டு, தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்வெடுக்கும் அந்த நொடியில்தான் வாங்கிக்கொள்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தசை சுருங்கும்போது உள்ளே போகும் குழாய்களையே அது நெரித்துக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டு நேரம் என்பது ஓய்வு நேரம்; அப்போது ரத்தத்தை உள்ளே தள்ளுவது அந்தக் கீழ் எண். நாடி 70 என்றால் ஒரு துடிப்புக்குச் சுமார் 0.85 விநாடி, அதில் பாதிக்கு மேல் ஓய்வு. நாடி 120-க்குப் போனால் துடிப்பே மொத்தம் அரை விநாடிதான். அதில் அதிகம் வெட்டுப்படுவது வேலை நேரமல்ல, ஓய்வு நேரம்.

அந்தப் போன் காலை இப்போது நினைத்துப் பாருங்கள். அண்ணன் ஏதோ சொல்கிறார். நாடி எகிறுகிறது, இதயத்தின் சாப்பாட்டு நேரம் குறுகுகிறது. மேல் பிரஷர் ஏறி வேலைச் சுமை கூடுகிறது. மகாதமனி விறைத்திருப்பதால் ஊட்டும் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. விரிய வேண்டிய மெல்லிய குழாய்கள் விரியவில்லை, ஒருவேளை சுருங்குகின்றன. இதில் எது மனசு, எது இதயம் என்று கோடு கிழிக்கச் சொன்னால் என்னால் முடியாது. மாடிப்படி சில நாள் விட்டுவிடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அடைப்பாக இருந்தால் அது தினமும் ஒரே அளவு. இது அன்றன்றைக்கு மாறும்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு திருப்பம். ஈஸ்ட்ரோஜன் அந்த உள்படலத்துக்கு நல்ல துணை. விரியும் திறன் ஆண்களுக்கு நாற்பதை ஒட்டியே குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு ஐம்பதைத் தாண்டும்வரை பெரிதாகக் குறைவதில்லை. மாதவிடாய் நின்றபின் சரிவு வேகமாகிறது. அப்படியானால் ஹார்மோன் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், இதயத்துக்காக வேண்டாம். 2002-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காப்பாற்றவில்லை.

மகன் அனுப்பிய பவுடரைப் பற்றி. டப்பாவின் பின்னால் பாருங்கள், பெரும்பாலும் எல்-ஆர்ஜினைன் என்று இருக்கும். உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்ய அதுதான் மூலப்பொருள், ஆகவே அதைக் கொட்டினால் நல்லதுதானே என்பது யோசனை. காகிதத்தில் அழகான யோசனை. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் விறைப்பும் குறையவில்லை. சாப்பிட்டவர்கள் பக்கம் மட்டும் ஆறு பேர் இறந்துபோக, ஆய்வையே நிறுத்தினார்கள். 2006-ல் அந்த முடிவு வெளியானது. உங்களுக்கு மாரடைப்பு வரவில்லை, உண்மைதான். இருந்தாலும் அந்த டப்பாவைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. வயதான படலத்தில் மூலப்பொருள் பற்றாக்குறை முக்கியப் பிரச்சினையும் அல்ல. உற்பத்தியாகும் நைட்ரிக் ஆக்சைடு, கழிவாக உருவாகும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து வீணாகிவிடுகிறது. பையன் அக்கறையில்தான் வாங்கியிருக்கிறான், திட்டாதீர்கள். கீரையும் பீட்ரூட்டும் வாங்கச் சொல்லுங்கள். அவற்றிலிருக்கும் நைட்ரேட்டை வாயில் வாழும் பாக்டீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, உடம்பு வேறொரு வழியில் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும். சின்னப் பலன்தான், ஆனால் சிறுகீரைக் கூட்டால் யாரும் கெட்டுப்போனதில்லை.

அடுத்து செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். அதே டாக்டராகவும் இருக்கலாம். "அடைப்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன். சிறு ரத்தக்குழாய்ப் பிரச்சினையோ, குழாய் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் பிரச்சினையோ இருக்குமா?" என்று நேராகவே கேளுங்கள். விடியற்காலை வலியைக் கட்டாயம் சொல்லுங்கள். நான் இங்கே நீட்டி முழக்கிய எல்லாவற்றையும்விட அவருக்கு அது முக்கியமான தகவல். பெரிய குழாயே திடீரென்று பிடித்துக்கொள்ளும் வகை பெரும்பாலும் ஓய்வில், பின்னிரவில், விடியற்காலையில் வரும். இது ஏன் முக்கியமென்றால் மருந்தே மாறும். சிறு குழாய்ப் பிரச்சினைக்கு நாடியைக் குறைத்துச் சாப்பாட்டு நேரத்தை நீட்டும் பீட்டா பிளாக்கர் வகை உதவும். பிடிப்பு வகைக்கு அது சிலருக்கு நிலைமையை மோசமாக்கலாம்; அங்கே குழாயின் தசையைத் தளர்த்தும் கால்சியம் சேனல் பிளாக்கர்கள்தான் முதலில். ஆகவே பக்கத்து வீட்டு மாமியின் பிரஷர் மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிடும் வேலை வேண்டாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள அசிட்டைல்கோலின் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, பெட் ஸ்கேன், மன அழுத்த எம்.ஆர்.ஐ. என்று தவறாகச் சிலர் மொழிபெயர்க்கிற ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ. (அதில் மனசுக்கு வேலை இல்லை, மருந்து கொடுத்து இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள்) என்றெல்லாம் இருக்கின்றன. எல்லோருக்கும் தேவையில்லை. சந்தேகத்தின் பேரில் மருந்தைத் தொடங்கிப் பலனைப் பார்ப்பதும் நியாயமான வழியே. ஹீமோகுளோபின், தைராய்டு, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சர்க்கரை 6.2 என்பது வாசலில் நிற்கும் சர்க்கரை நோய். அதுவும் இந்தப் படலத்தின் எதிரி. ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் "எனக்குத்தான் அடைப்பு இல்லையே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொழுப்பைக் குறைப்பதோடு படலத்துக்கும் அது உதவுகிறது.

நாக்கடி மாத்திரை கொடுத்தால் உட்கார்ந்துகொண்டு வையுங்கள். நின்றபடி வைத்தால் தலை சுற்றி விழ நேரலாம். அது வைத்தும் வலி சட்டென்று போகவில்லை என்பதால் இது இதய வலியே இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். சிறு குழாய்களில் அந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை. வழக்கத்தைவிட நீளமான வலி, வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் என்று வந்தால் "போன தடவை நார்மல்தானே" என்று காத்திருக்காமல் 108. ஆஞ்சியோ ரிப்போர்ட்டுக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது.

நடை பற்றிக் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். நடந்தால் ரத்தக்குழாய் இளமையாகிவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உட்கார்ந்தே இருந்த நடுவயது, முதிய ஆண்கள் மூன்று மாதம் வேகநடை நடந்ததில் விரியும் திறன் நன்றாகவே மீண்டது, 2000-ல் நிரூபித்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதே அளவு பலன் எல்லா ஆய்விலும் தெரியவில்லை. அதற்காக நடக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிரஷர், சர்க்கரை, தூக்கம் மூன்றும் நடையில் சீராகும். அந்த வழியில் படலத்துக்கு நல்லது. மூன்று மாதத்தில் அற்புதம் நடக்கவில்லையே என்று சோர்ந்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கணவரை விட்டுவிட்டு டவர் பார்க் வரை போக முடியாது என்றால் மொட்டை மாடியில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை. மருந்து தொடங்கிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு. ஹை ரோட்டோரம் புகையில் நடப்பதைவிட மாடி மேல்; வண்டிப் புகையும் இந்தப் படலத்துக்கு ஆகாது.

கடைசியாக டென்ஷன். "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்வது மழையில் நிற்பவரிடம் நனையாதீங்க என்பது போல. குடை யார் கொடுப்பது? அமெரிக்காவில் 54,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. நோயுற்ற கணவரை வாரம் 9 மணி நேரமோ அதற்கு மேலோ பராமரித்த பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. வாரத்துக்கு 9 மணி நேரம்! உங்களுக்கு அது ஒரு நாள் கணக்கு. ஆகவே உங்கள் கணவருக்கு வேறொருவர் பணிவிடை செய்யும் நேரத்தை உங்கள் மருந்துச் சீட்டில் ஒரு மருந்தாகவே எழுத விரும்புகிறேன்.

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தகுதி இருக்கிறது, நீங்களும் சேர்ந்தால் மூன்று. ராத்திரியில் கணவரைப் புரட்டிப் படுக்க வைக்க எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு முறையாவது இருக்கும். தூக்கம் உடைந்தால் இரவில் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காது. வாரத்தில் மூன்று இரவாவது ஓர் உதவியாளர் வைக்க முடியுமா என்று பாருங்கள். பவுடருக்குச் செலவு செய்கிற மகன் இதற்கும் செய்வான். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்களுக்கு மனநோய் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பிரஷருக்கு மாத்திரை மாதிரி, இதுவும் ஒரு உதவி.

அப்புறம் அந்தத் திண்டிவனம் வீடு. பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் உரிமை. ஒரு டாக்டருக்கு அதில் பேச்சே இல்லை. ஆனால் அதை நீங்கள்தான் பேச வேண்டும் என்று சட்டம் இல்லையே. அடுத்த முறை அண்ணன் கூப்பிட்டால் "என் பையன் பேசுவான்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பெங்களூரிலிருந்து பேசினாலும் திண்டிவனத்தில் கேட்கும்.